புட்டும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டே உடம்பைப் பலமாக்க முடியாதா?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். வயது 27, எடை 68 கிலோ, பகல் முழுக்கக் கதிரையில் இருக்கிற வேலை. கிழமையில் நாலு நாள் விடியப்புறம் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பக்கம் ஓட்டம், பின்னேரத்தில் கரப்பந்து, இப்போது ஜிம்மும் தொடங்கியாயிற்று. ஜிம் அண்ணா சோறு, புட்டு, இடியப்பம் எல்லாவற்றையும் நிறுத்து, ஓட்ஸும் கோழி நெஞ்சும் வே புரோட்டீன் தூளும் எடு என்று தாளில் எழுதித் தந்துவிட்டார். அம்மா "வீட்டில காய்ச்சுறதைச் சாப்பிடாமல் அதென்ன சாப்பாடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறா. அக்காவும் நல்லூரைச் சுற்றி நடக்கத் தொடங்கியிருக்கிறா, அவவுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

நான் அம்மா பக்கம்தான். ஆனால் ஜிம் அண்ணா சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரு சாதாரண நாளை எடுத்துப் பாருங்கள். விடிய இடியப்பம், சொதி, சம்பல். மத்தியானம் சோறு, மீன் குழம்பு, பருப்பு, ஒரு வறை. பின்னேரம் ஒரு தேத்தண்ணீர், கடையில் ஒரு றோல்ஸ். இரவு புட்டும் ஒரு கத்தரிக்காய்க் குழம்பும், அல்லது பாணும் சம்பலும். இதில் மீனும் பருப்பும் எங்கே இருக்கின்றன? மத்தியானத் தட்டில் மட்டும். காலையிலும் இரவிலும் மாவும் தேங்காயும்தான். நம்முடைய சமையலில் புரதம் இல்லை என்பது பொய், அது ஒரே வேளையில் குவிந்து கிடக்கிறது என்பதுதான் கோளாறு. இது பிடிபட்டால் சோற்றோடு சண்டை பிடிக்க வேண்டிய தேவையே வராது.

கணக்கைப் பார்ப்போம். சும்மா இருக்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் காணும். ஓடி விளையாடி, பாரமும் தூக்குகிற ஆளுக்கு அது காணாது, 1.2இலிருந்து 2 கிராம் வரை என்பதுதான் விளையாட்டுப் போசாக்குத் துறையில் பொதுவாகச் சொல்கிற அளவு. 1.6க்கு மேலே போனால் தசை வளர்ச்சியில் பெரிதாக ஒன்றும் கூடுவதில்லை. ஆக உங்கள் 68 கிலோவுக்கு 95 தொடக்கம் 110 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன சாப்பாட்டில் எவ்வளவு வருகிறது? ஆறு இடியப்பமும் சொதியும் மிஞ்சிப் போனால் 7, 8 கிராம். மத்தியானம் சோற்றில் 9, இரண்டு துண்டு மீனில் 20, பருப்பில் 5, எல்லாமாக 35 அளவில். பின்னேரத்தில் ஒரு 5, இரவு ஒரு 10. கூட்டினால் 60க்குக் கிட்ட. உயிரோடு இருக்க அது காணும். நீங்கள் செய்கிற வேலைக்கு 35 தொடக்கம் 50 கிராம் குறைகிறது. குறைகிற இடமும் தெரிகிறது: விடிய, இரவு.

இனி ஓட்ஸ். ஓட்ஸில் பிழையில்லை, விருப்பமென்றால் சாப்பிடுங்கள். ஆனால் சோற்றை நிறுத்தி ஓட்ஸ் எடுக்கிறேன் என்கிறவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை, ஓட்ஸும் மாச்சத்துத்தான், 100 கிராம் ஓட்ஸில் மூன்றில் இரண்டு பங்கு அதுதான். அதோடு நீங்கள் விடிய ஓடி, பின்னேரம் ஒன்றரை மணித்தியாலம் பந்தடிக்கிற ஆள். அப்படியான ஆளுக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 4, 5 கிராம் மாச்சத்து வேண்டும், அதாவது உங்களுக்கு 270 தொடக்கம் 340 கிராம். சமைத்த சோறு 100 கிராமில் இருப்பது 28 கிராம். அரைக் கிலோ சோறு சாப்பிட்டாலும் 140தான் வரும். சோறு, புட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிவிட்டு மைதானத்துக்குப் போனால் இரண்டாவது செற்றில் கால் எழும்பாது, அதைப் பார்த்துவிட்டு உடம்பு பழகவில்லை என்று இன்னும் கூட ஓடுவார்கள். இந்தக் கூத்தை நான் கனக்கப் பார்த்திருக்கிறேன்.

அரிசியில் எது என்று கேட்டால், மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பு அரிசி, தவிடு முழுக்கப் போகாமல் குற்றியது கிடைத்தால் அதுதான் முதல். நார்ச்சத்து கூட, வயிறு நேரத்துக்குப் பசிக்கும், இரத்தத்தில் சீனி சட்டென்று ஏறாது. புழுங்கல் அரிசியும் நல்லதுதான், நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி விற்றமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும், பிறகு தீட்டினாலும் முழுக்கப் போகாது. ஆனால் சிவப்பரிசிச் சோறு மெலிய வைக்கும் என்று இரண்டு கோப்பை கூடப் போட்டுச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், கலோரி சிவப்பிலும் வெள்ளையிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். குரக்கனுக்கும் இதே கதை. கல்சியம் 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேலே இருக்கிறது, பாலைவிடக் கூட, நார்ச்சத்தும் உண்டு, அதெல்லாம் உண்மை. புரதம் 7 கிராம்தான். குரக்கன் புட்டு சாப்பிட்டால் பயில்வான் ஆகலாம் என்று யாரும் சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள்.

சரி, விடிய என்ன செய்வது. ஐந்து மணிக்கு ஓடப் போகிறவர் புட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போக முடியாது. ஒரு கதலி வாழைப்பழமும் ஒரு கிளாஸ் தண்ணீரும் போதும், அரை மணித்தியால ஓட்டமென்றால் அதுகூடத் தேவையில்லை. ஓடி வந்து குளித்த பிறகுதான் காலைச் சாப்பாடு, அதில்தான் கை வைக்க வேண்டும். அம்மா இடியப்பம் அவிக்கட்டும். ஆறுக்குப் பதிலாக நாலு. பக்கத்தில் இரண்டு அவித்த முட்டை, அது 12 கிராம். சொதியை வெறும் சொதியாக வைக்காமல் அதற்குள்ளேயே ஒரு பிடி மைசூர்ப் பருப்பையும் அவித்துப் போட்டால் இன்னொரு 6, 7. புட்டு அவிக்கிற நாளில் அவித்த பயறும் கொஞ்சம் தேங்காய்ப்பூவும். பயற்றை முதல் நாள் இரவு ஊறப்போட்டு, விடியத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் அடுத்த நாள் விடிய வால் விட்டிருக்கும், அதைப் பத்து நிமிடம் அவித்து வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்துப் போட்டால் புட்டுக்கு வேறு கறி தேவையில்லை. உலர்ந்த பயறு 50 கிராம் எடுத்தால் 12 கிராம் புரதம். முளைவிட்டால் புரதம் கூடிவிடும் என்று சொல்வார்கள், அது கூடுவதில்லை, ஆனால் இரும்புச்சத்தையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்திருக்கிற பைற்றேற் என்கிற பொருள் குறைகிறது, வயிறு ஊதுவதும் குறைகிறது.

முட்டை என்றதும் ஒன்று. ஜிம்முக்குப் போகிற பெடியன்கள் பச்சை முட்டையை உடைத்து அப்படியே விழுங்குகிறார்கள். நம்முடைய ஊரில் சாமத்தியப்பட்ட பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்த பழக்கத்தின் தொடர்ச்சியோ, படம் பார்த்துப் பழகியதோ தெரியாது. அளந்து பார்த்ததில், சமைத்த முட்டையின் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு உடம்பில் சேர்கிறது, பச்சை முட்டையில் பாதிதான் சேர்கிறது. மிச்சம் வீண். அதோடு சல்மொனெல்லா என்கிற கிருமிக்கும் பயப்பட வேண்டும். ஆகவே அவித்தே சாப்பிடுங்கள், மஞ்சட்கருவையும் எறியாமல். ஆரோக்கியமான ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்று இரண்டு முட்டையால் ஒன்றும் வந்துவிடாது. கொலஸ்ட்ரோல் கூட என்று மருந்து எடுக்கிறவர்கள், சீனி வருத்தம் உள்ளவர்கள் தங்கள் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு செய்யலாம்.

தேங்காயைப் பற்றிச் சொல்லாமல் யாழ்ப்பாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது சரியில்லை. தேங்காய் விசமும் கிடையாது, மருந்தும் கிடையாது. ஆனால் 100 கிராம் தேங்காய்ப்பூவில் 350 கலோரி இருக்கிறது, அதில் பெரும்பகுதி கொழுப்பு, அந்தக் கொழுப்பிலும் பெரும்பகுதி நிறைவுற்றது. புட்டில் ஒரு பங்கு, சம்பலில் ஒரு பங்கு, சொதியில் முதற்பால், கறியிலும் பால் என்று ஒரே வேளையில் நாலு இடத்தில் வந்தால், சாப்பிடுகிறவருக்குத் தான் எவ்வளவு தேங்காய் சாப்பிட்டார் என்றே தெரியாது. ஒரு வேளைக்கு ஓரிடத்தில் மட்டும் என்று அம்மாவோடு பேசி முடிவெடுங்கள். சம்பல் இருக்கிற நாளில் கறி பால் விடாத குழம்பு. பால்கறி வைக்கிற நாளில் சம்பலுக்குப் பதில் பச்சை வெங்காயமும் தக்காளியும் தேசிக்காய்ப் புளி விட்டு. சொதிக்கு இரண்டாம் பாலே காணும், கடைசியில் ஒரு கரண்டி முதற்பால் விட்டால் வாசம் வந்துவிடும். பணமும் மிஞ்சும், தேங்காய் விற்கிற விலைக்கு.

மத்தியானத்தைக் குழப்ப வேண்டாம். சோறு, மீன், பருப்பு, வறை என்கிற அந்தத் தட்டு உலகத்தில் எந்த விளையாட்டு வீரனுக்கும் வைக்கக்கூடிய தட்டு. மலைபோலக் குவித்த சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து வறையில் ஒரு கரண்டியைக் கூட்டினால் முடிந்தது.

மீனுக்கு வருவோம், இதில் நமக்குக் கிடைத்த வசதி கொழும்பில் கோழி நெஞ்சு தேடி அலைகிறவனுக்குக் கிடையாது. கோழி நெஞ்சில் 100 கிராமுக்கு 30 கிராம் புரதம் வருகிறது என்றால் சமைத்த மீனில் 20, 25 வருகிறது, பெரிய வித்தியாசமில்லை. குருநகரிலோ பாசையூரிலோ விடிய மீன் கூறு போடுகிற நேரம் போனால் எல்லோரும் அறக்குளா, பாரை, விளை என்று பெரிய மீனைச் சுற்றித்தான் நிற்பார்கள். நீங்கள் சூடை, சாளை, கீரி, நெத்தலி வைத்திருக்கிற பக்கம் போங்கள். விலை குறைவு, ஒமேகா 3 கொழுப்பு கூட, சின்ன மீனென்றபடியால் பாதரசம் சேர்வதும் குறைவு. அதைவிட முக்கியமாக, முள்ளோடு சாப்பிடலாம் என்பதால் கல்சியமும் கிடைக்கிறது, பால் பிடிக்காத ஆக்களுக்கு இது பெரிய விசயம். சூடையைத் தலை கிள்ளி, குடலை இழுத்தெடுத்து, செதிலைச் சுரண்டிக் கழுவி, உப்பும் மஞ்சளும் கொஞ்சம் மிளகும் தேசிக்காய்ப் புளியும் பிரட்டி அரை மணித்தியாலம் வைத்து, அடிப்பரந்த சட்டியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு மூடிப் புரட்டிப் புரட்டி எடுத்துப் பாருங்கள். முள் மொறுமொறுவென்று வந்துவிடும். நிறைய எண்ணெயில் போட்டுப் பொரித்தெடுக்கிற பழக்கத்தை மட்டும் விட வேண்டும், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, மீன் குடிக்கிற எண்ணெயை யாரும் அளப்பதில்லை. கணவாய், இறால், நண்டு மூன்றும் கொழுப்புக் குறைந்த நல்ல புரதம், கிடைக்கிற நாளில் சாப்பிடுங்கள். கருவாடு புரதம் நிறைந்ததுதான், ஆனால் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைய உப்பு என்கிறது, கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் மோர் மிளகாயும் ஒரே தட்டில் இருந்தால் அந்த 5 கிராம் மத்தியானத்தோடு முடிந்துவிடும்.

பின்னேரம்தான் உண்மையான ஆபத்து. வேலை முடிந்து மைதானத்துக்குப் போகிற வழியில் கண்ணாடிப் பெட்டிக்குள் றோல்ஸ், பற்றிஸ், மிதிவெடி என்கிற பொரித்த சிற்றுண்டிகள் எல்லாம் சூடாக இருக்கும், பசியும் இருக்கும். மா, எண்ணெய், உள்ளே உருளைக்கிழங்கு. அதைச் சாப்பிட்டுவிட்டு அரை மணித்தியாலத்தில் எழும்பி அடிக்கப் போனால் வயிற்றுக்குள் கல்லைக் கட்டிக்கொண்டு போனமாதிரி. அந்த நேரத்துக்கு வேண்டியது சுலபமாகச் சமிக்கிற மாச்சத்து: இரண்டு வாழைப்பழம், அல்லது அவித்த வத்தாளங்கிழங்கு ஒரு துண்டு. பனங்கிழங்குக் காலத்தில் அவித்த பனங்கிழங்கு ஆசைப்படுவீர்கள், ஆனால் தும்பு கூட, விளையாடப் போக முதல் வேண்டாம், முடித்து வந்து சாப்பிடுங்கள். அவித்த கடலை, கௌபி, ஒரு பிடி கச்சான் எல்லாம் வேலையிடத்தில் நாலு மணிக்குச் சாப்பிடலாம். ஒரு கோப்பை கடலை 13 கிராம் புரதம், ஒரு பிடி கச்சான் 7 கிராம். கச்சானுக்குக் கை நிற்காது, சரையோடு முடிக்காமல் ஒரு பிடியோடு நிறுத்துங்கள்.

தேத்தண்ணீர்ச் சீனியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தேக்கரண்டி சீனி 4 கிராம், குவித்துப் போட்டால் 6. நாளுக்கு ஐந்து தேத்தண்ணீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் 40 தொடக்கம் 60 கிராம். 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பனங்கட்டிக்கு மாறினேன் என்பவர்களுக்கு: பனங்கட்டியும் சீனிதான், கொஞ்சம் கனியுப்புகள் உண்டு என்பதைத் தவிர உடம்பு அதைச் சீனியாகத்தான் பார்க்கும். ஆனாலும் பழைய ஆக்கள் செய்கிறமாதிரி வெறும் தேத்தண்ணீரோடு ஒரு சின்னத் துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது நல்ல பழக்கம் என்று நினைக்கிறேன், ஒரு துண்டோடு ஒரு கோப்பை முடிந்துவிடும். சோடாப் போத்தலில் 2016இலிருந்து நம்முடைய நாட்டில் நிறப்புள்ளி போடுகிறார்கள், சிவப்பென்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேலே சீனி. பந்தடித்துவிட்டு ஒரு முழுப் போத்தல் குடிக்கிறவர்கள் அந்தப் புள்ளியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குடிக்கட்டும்.

பாயிற வியர்வைக்கு என்ன? ஒரு மணித்தியாலத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்குத் தண்ணீர் போதும். சித்திரை வைகாசி வெயிலில் இரண்டு மணித்தியாலம் விளையாடினால் உப்பும் வேண்டும். விளையாட முதலும் பிறகும் எடை பாருங்கள், ஒரு கிலோ குறைந்திருந்தால் அது ஒரு லீற்றர் வியர்வை, அடுத்த சில மணித்தியாலங்களில் ஒன்றேகால், ஒன்றரை லீற்றர் குடித்து ஈடு செய்ய வேண்டும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் கூட, வியர்வையில் போவது சோடியம். அதனால் உப்புப் போட்ட மோருக்கு அல்லது தேசிக்காய்த் தண்ணீருக்குத்தான் என்னுடைய வாக்கு. மோரில் ஒரு துண்டு இஞ்சி, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், அளவாக உப்பு. ஜீவனிப் பைக்கற் வயிற்றோட்டத்துக்கென்று செய்தது, வெயிலில் தலை சுற்றுகிற அளவுக்குப் போனால் உதவும், தினம் குடிக்கிற பானமாக்க வேண்டாம்.

இரவுக்குத் திரும்பி வருகிறேன், குறைகிற அந்தப் புரதத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது. விளையாடி வந்து பசியோடு இருக்கிற நேரம், மாச்சத்தும் வேண்டும், புரதமும் வேண்டும். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 0.3 கிராம், உங்களுக்கு 20 கிராம் புரதம் இருந்தால் காணும். புட்டுத்தான் என்றால் புட்டு. கோதுமை மாவைக் குறைத்து அரிசிமா, குரக்கன்மா கூட்டி நீத்துப்பெட்டியில் அவிக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் மத்தியானத்து மீன் குழம்பில் இரண்டு துண்டை உங்களுக்கென்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இதற்கு ஒரு சதமும் கூடச் செலவில்லை. மீன் மிஞ்சாத நாளில் ரின் மீன் கொஞ்சம் வெங்காயத்தோடு பிரட்டலாம், 100 கிராமில் 20 கிராமுக்கு மேலே புரதம், உப்பைத் திரும்பப் போட வேண்டாம், ரின்னுக்குள்ளேயே இருக்கிறது. சோயாமீற் இன்னும் மலிவு, உலர்ந்தது 30 கிராம் ஊறப்போட்டுப் பிழிந்தெடுத்தால் 15 கிராம் புரதம். சோயா சாப்பிட்டால் ஆண்மை குறையும் என்று ஜிம்முக்குள் ஒரு கதை ஓடுகிறது, ஆண்களில் செய்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஹோர்மோன் குறைந்ததாகக் காணவில்லை. பாணென்றால் பாண், ஆனால் சம்பலோடு மட்டும் அரை றாத்தல் இறக்காமல் பருப்புக் கறியும் ஒரு முட்டையும்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய மட்ச் முடித்து வருகிற இரவுக்கு என்னைக் கேட்டால் கூழ்தான். காயவைத்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவை நிறையத் தண்ணீரில் ஊறவிட்டு, கயர்ப்புப் போக மேலே தெளிந்த தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். ஒரு பெரிய பானையில் ஒரு பிடி அரிசி, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை, பிறகு மீன் தலை, நண்டு, இறால், கடைசியில் அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் கரைத்த ஒடியல் மாவும். வெந்த மாச்சத்து, மூன்று நாலு வகைப் புரதம், இலை, உப்பு, தண்ணீர் எல்லாம் ஒரு பனையோலைப் பிளாவுக்குள். விளையாட்டு வீரர்களுக்கென்று போத்தலில் அடைத்து விற்கிற எதற்கும் இதைவிடக் கூட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. கிழமையில் எல்லா நாளும் வைக்க முடியாது, அவ்வளவு வேலை, அதுதான் ஒரே குறை.

நல்லூர்த் திருவிழாக் காலம் வேறு பிரச்சினை. 25 நாளும் மச்சம் காய்ச்சாத வீடு உங்களுடையது என்று எழுதியிருந்தீர்கள், கந்தசஷ்டியும் கௌரிக் காப்பும் வேறு. மீனும் முட்டையும் எடுபட்டால் நம்முடைய தட்டில் மிஞ்சுவது சோறும் மரக்கறியும் என்று ஆகிவிடக் கூடாது. அந்த நாட்களில் பருப்பின் அளவை இரட்டிப்பாக்குங்கள். தோசையில் உழுந்தைக் கூட்டுங்கள், உழுந்தில் நாலில் ஒரு பங்கு புரதம். மத்தியானம் சோயாமீற், பின்னேரம் கடலை, இரவு பயறு, மூன்று வேளையில் இரண்டுக்காவது தயிர். அரிசியில் லைசின் என்கிற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் மெதியோனின் குறைவு, இரண்டையும் ஒரே நாளில் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடும், ஆகவே சைவப் புரதம் தரம் குறைந்தது என்கிற கவலை வேண்டாம். ஆடை நீக்கிய பால்மா 30 கிராமில் 10 கிராமுக்கு மேலே புரதம் இருக்கிறது, ஒரு கோப்பை கரைத்துக் குடித்தால் ஒரு கரண்டி வே புரோட்டீனில் கிட்டத்தட்டப் பாதி வந்துவிட்டது. ஆண்டு முழுக்கச் சைவமாக இருப்பவர்கள், பாலும் தயிரும் அதிகம் எடுக்காதவர்கள், பி12 பார்க்க வேண்டும், அது செடிகொடியில் கிடைக்காது.

அக்காவுக்கு: நடக்கிறது நல்லது, களைப்பாக இருக்கிறது என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள், அதை உடற்பயிற்சி பழகாத களைப்பென்று விட்டுவிடாமல் ஈமோகுளோபினை ஒருக்கால் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாதவிடாய் வருகிற வயதுப் பெண்ணுக்கு ஆணைவிட இரண்டு மடங்குக்கு மேலே இரும்புச்சத்து வேண்டும், வீட்டிலோ மீன் துண்டு எப்போதும் ஆண்களின் தட்டுக்குத்தான் முதலில் போகிறது, இது எல்லா வீட்டிலும் நடக்கிறது, கொஞ்சம் கவனியுங்கள். முருங்கையிலை வறை, பொன்னாங்காணி, வல்லாரைச் சம்பல், அகத்திச் சொதி எல்லாம் நல்லவை, ஆனால் கீரையில் உள்ள இரும்பு உடம்பில் குறைவாகத்தான் சேரும். இறக்கிவைத்த பிறகு தேசிக்காய்ப் புளி விட்டால் சேர்வது கூடும், சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடித்தால் குறையும். தேத்தண்ணீரை ஒரு மணித்தியாலம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். அவவுக்கு இது நடையைவிடக் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன். சோதனையில் குறைந்திருந்தால் கீரையோடு நிறுத்தாமல் வைத்தியர் தருகிற குளிசையைப் போட வேண்டும்.

வே புரோட்டீன் வாங்கவா விடவா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். அது பாலிலிருந்து எடுத்த புரதத்தூள், நஞ்சு இல்லை, ஒரு கரண்டியில் 24, 25 கிராம் புரதம் வரும். வீட்டில் இரண்டு முட்டையும் ஒரு கோப்பை கடலையும் சாப்பிடுகிற ஆளுக்கு அதில் கூடக் கிடைக்க ஒன்றுமில்லை. வேலை, பயணம் என்று சாப்பாடு தவறுகிற நாட்களுக்கு வசதி, அவ்வளவுதான். வாங்கினாலும் சீல் உடையாத டப்பாவாக வாங்குங்கள், பையில் நிறுத்துத் தருகிற தூளைத் தொடவே வேண்டாம். தசைப் பலத்துக்கென்று எடுக்கிற கிரியேட்டின் தூளுக்கு உருப்படியான ஆதாரம் இருக்கிறது, நாளுக்கு 3 தொடக்கம் 5 கிராம், ஆனால் அதுவும் சாப்பாடும் நித்திரையும் ஒழுங்கான பிறகு. சிறுநீரக வருத்தம் இருந்தால் இரண்டையும் வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள், அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நம்முடைய ஆக்களுக்கு எடை கூடாமலே வயிற்றில் கொழுப்பு சேர்கிறது, அதனால்தான் ஆசியருக்கு உயரத்தோடு எடையை ஒப்பிடுகிற உடல் திணிவுச் சுட்டெண் (BMI) 23ஐத் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள், ஆண்களின் இடுப்பு 90 சென்ரிமீற்றருக்குள்ளும் பெண்களின் இடுப்பு 80க்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஜிம் தராசை நாளுக்கு நாலு தரம் ஏறிப் பார்க்காமல் மாதத்துக்கு ஒருக்கால் தொப்புளுக்கு நேரே அளவுநாடாவைப் பிடியுங்கள். எடை நின்றபடி நிற்க இடுப்பு குறைந்தால் எல்லாம் சரியாகப் போகிறது, ஒன்றையும் மாற்ற வேண்டாம். இரண்டும் ஏறினால் முதலில் பின்னேர றோல்ஸையும் தேத்தண்ணீர்ச் சீனியையும், பிறகு சம்பலின் அளவையும் குறையுங்கள். அதற்குப் பிறகும் ஏறினால் மட்டும் சோற்றில் ஒரு கரண்டி. வருடத்துக்கு ஒருக்கால் வெறும் வயிற்றில் சீனிச் சோதனையும் செய்துகொள்ளுங்கள், ஓடுகிறேன் என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள்.